பொறந்த எடத்துச் சண்டை

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் எதிர்வீட்டு அடுப்படிவரை தெரிகிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும். செல்லூரில் எங்கள் சந்தின் அகலம் அவ்வளவுதான். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். இப்படி ஒரு சந்தில் காலமெல்லாம் எதிரும் புதிருமாகக் குடியிருந்துவிட்டு, சிலோன்கார அக்கா செத்த அன்றைக்கு அந்த வாசலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

அவளுக்குத் தங்கப்பொண்ணு என்று பேர். அந்தப் பேர் ரேஷன் கார்டோடு சரி. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே கல்யாணமாகி, உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று கப்பலேற்றி விடப்பட்டு, மண்டபம் முகாமில் கிடந்து, புருஷன் சோணையோடும் ஒரு தகரப் பெட்டியோடும் இந்தச் சந்தில் வந்து இறங்கியவள். அதற்கு முன்னால் அவள் இந்த நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. "பாக்காத ஊர எப்படி மீனா எனக்குச் சொந்த ஊருன்னாய்ங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். வந்த நாளிலிருந்து எங்கள் தறிகளுக்குத் தார் சுற்றினாள், ராட்டினத்தில் நூலைக் குச்சியில் ஏற்றுகிற வேலை. கொழுந்து கிள்ளிய விரல், நூல் அறுந்தது தெரியுமுன் முடிச்சுப் போட்டிருக்கும். ஆனாலும் கடைசிவரை சிலோன்காரிதான். ஊர்க்காரி ஆக வேண்டுமானால் எங்கள் ஆட்கள் இன்னும் இரண்டு தலைமுறை கேட்பார்கள்.

ஐப்பசி அடைமழை. அன்றைக்கு விடிந்ததும் தேத்தண்ணி போட்டுக் குடித்தாள். டீ என்ற சொல் அவள் வாயில் கடைசிவரை நுழையவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "செத்தப் படுக்கிறேன்த்தா" என்று மருமகள் தமிழ்ச்செல்வியிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவள், எழுந்திருக்கவில்லை. எண்பதைத் தாண்டியவளுக்கு நல்ல சாவு. குடிச்ச டம்ளரைக்கூட அடுத்தவளுக்குக் கழுவ வைக்கவில்லை பார் என்று தெருவே மெச்சியது.

தறிகளை நிறுத்தினார்கள். எங்கள் தெருவில் மின்சாரம் போனால் ஒழிய விசைத்தறிச் சத்தம் நிற்காது. அது நின்றதும் காது என்னவோ போல ஆகிவிட்டது. தகரத்தில் மழை விழுகிற சத்தம், கொல்லையில் கோழி கத்துகிற சத்தம், எல்லாம் புதுசாகக் கேட்டது. சந்துக்குக் குறுக்கே தார்ப்பாய் கட்டி, அதற்குக் கீழே பெஞ்சு போட்டு அக்காவைக் கிடத்தினார்கள். சோணை அண்ணன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் அழகுபாண்டிதான் தலைமாட்டில் நின்றான். தறிப்பட்டறையில் மேஸ்திரி அவன். பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவன், அன்றைக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து அவன் மாமனார் பேயாண்டி கிடைத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு. பேயாண்டி கெட்டவர் இல்லை. ஆனால் முறை என்றால் முறை. கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு வலது கைப்பக்கம் வைக்கவில்லை என்று எழுந்து போனவர். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து, ஒரு வாய் காப்பி உள்ளே போனதும் முதல் கேள்வியே அதுதான்.

"பொறந்த எடத்துக் கோடி எப்ப வருது மாப்ள?"

அழகுபாண்டி குனிந்துகொண்டான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால், அவள் கூடப்பிறந்தவர்கள் கோடி என்கிற புதுச்சேலை கொண்டுவந்து முதலில் போர்த்தவேண்டும். அதற்குப் பிறகுதான் நீர்மாலை, மற்றதெல்லாம். அந்தச் சேலை வருகிறவரைக்கும் பிணம் காத்துக் கிடக்கும். சேலையே வராமல் தூக்கினால், கேட்க நாதியில்லாதவள் என்று அர்த்தம். அக்காவுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணன் இருந்தார். அங்கே கலவரம் வந்து தோட்டத்து ஆட்களின் லயத்து வீடுகளைக் கொளுத்தினார்கள் என்று சேதி வந்த வருஷத்தோடு அந்தக் குடும்பம் போன திசை தெரியவில்லை. அவள் விசாரிக்காத ஆளில்லை.

"கொட்டாம்பட்டிப் பக்கம் பங்காளிக இருக்காகன்னு சொன்னாகளே?" என்றார் பேயாண்டி.

இருந்தார்கள். அக்காவின் பாட்டனார் அந்தக் கிராமத்திலிருந்துதான் தோட்டத்துக்குப் போனவர். முகாமிலிருந்து விட்டதும் அவளும் சோணையும் முதலில் அங்கேதான் போனார்களாம். சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து முடிக்கிறவரை நின்றிருந்து சொம்பை வாங்கிக்கொண்டு, "கடைசி பஸ்ஸு போயிரும்" என்றார்களாம். நிலத்தில் பங்கு கேட்டுவிடுவார்கள் என்று பயம். அக்கா இதைச் சொல்லும்போது அழமாட்டாள். "தண்ணி நல்லா இருந்துச்சு மீனா" என்பாள்.

அழகுபாண்டி போன் போட்டான். நான் ஒட்டுக்கேட்கவில்லை, அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"அம்மா எறந்துருச்சு மாமா. தங்கப்பொண்ணு. ஒங்க பெரியப்பா வழி."

"அப்படியா. அடடா. வயசாளிதானப்பா." பின்னால் யாரையோ அதட்டினார். "இங்க நடவு நடக்குதுப்பா. மழை பேஞ்சதும் ஆள் கெடைக்கல. நீங்க ஆக வேண்டியதப் பாருங்க."

"ஒரு சேல மட்டும் மாமா. நான் வாங்கி வச்சுர்றேன். ஒங்க கையால..."

"நடவுப்பா" என்றது போன். அதோடு கட்டாகிவிட்டது.

பேயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப ஒண்ணும் செய்ய முடியாது. சம்பந்தி கோடி இருக்கு, நான் மொதல்ல போத்திர்றேன். தத்தனேரி சுடுகாட்டுக்குச் சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரணும். மழை வேற."

"வேணாம் மாமா."

"என்னத்த வேணாம்?"

"எங்கம்மா இந்த ஊருல எத்தன பொம்பளைக்குப் பொறந்த வீடா நின்டுச்சு தெரியுமா? அதுக்கு ஒரு சேல வராமத் தூக்க மாட்டேன்."

"வாரதுக்கு ஆள் வேணும்ல மாப்ள" என்றார் பேயாண்டி. குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்தியது.

அவன் சொன்னது பொய்யில்லை. இந்தக் கதையை நான் அன்னக்கொடியிலிருந்து தொடங்கவேண்டும்.

அன்னக்கொடி எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஓடிவந்து தாலி கட்டிக்கொண்டவள். பிறந்த வீட்டில் அவளுக்குக் கருமாதியே செய்துவிட்டார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். முதல் வளையல் பிறந்த வீட்டார் போடவேண்டும். மணையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே இருக்கிறது. போட ஆளில்லை. மாமியார்க்காரி, "யாராச்சும் போட்டு விடுங்கடி, புளிசாதம் ஆறுது" என்கிறாள். கூட்டத்தில் நானும் இருந்தேன், புளிசாதத்துக்குத்தான்.

அப்போது வாசலில் சிலோன்கார அக்கா. தலையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வளையல், பூ, தேங்காய், வாழைப்பழம், ஒரு சுங்குடிச் சேலை. உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள்.

"பொறந்த வீட்டுக்காரி வந்து நிக்கிறேன். வாங்கன்னு சொல்ல இந்த வீட்டுல ஒரு வாய் இல்லையா?"

மாமியார்க்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்களா? நீங்க எதுத்தாப்ல வீடுல்ல?"

"நேத்துவரைக்கும் எதுத்த வீடு. இன்னைக்கு இவ ஆத்தா வீடு. பொண்ணக் குடுத்தவள வாசல்ல நிப்பாட்டி வச்சுப் பேசுறதுதான் ஒங்க வீட்டுப் பழக்கமா?"

வந்து கூப்பிட்டார்கள். உள்ளே வந்து முதல் வளையலைப் போட்டாள். அதோடு விட்டிருந்தால் நல்லவள் என்றிருப்போம். விடவில்லை. மணைக்குக் கீழே கோலம் சரியில்லை என்றாள். எங்கள் பிள்ளை மெலிந்து கிடக்கிறதே, இந்த வீட்டில் சோறு போடுகிறார்களா, படம் காட்டுகிறார்களா என்றாள். முதல் பந்தியில் அவளுக்கு இலை போடவில்லை என்று எழுந்து போகப்பார்த்தாள். மாமியார்க்காரி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நான் பார்க்கப் பார்க்க அன்னக்கொடியின் முகத்தில் ஒரு வெளிச்சம். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் ஓடுகிறது.

மறுநாள் நான் விடுவேனா. தார் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் போய் உட்கார்ந்தேன்.

"சீர் கொண்டு போனீக, சரி. அந்தச் சண்டை எதுக்குக்கா? ஊர் என்ன சொல்லுது தெரியுமா?"

"என்ன சொல்லுது?"

"சிலோன்காரிக்குச் சோறு தண்ணியே சண்டைதான்னு சொல்லுது."

ராட்டினத்தை நிறுத்தாமலே சொன்னாள். "அழகு வயித்துல இருக்கையில எனக்கும் வளகாப்பு வச்சாய்ங்க மீனா. கைய நீட்டுனேன். மொத வளையல் போட ஆள் இல்ல. கடைசியில ஏதோ ஒரு கை போட்டுச்சு. அன்னைக்கு ராத்திரியே இந்தாளு என்னய அடிச்சாரு. ஏன் தெரியுமா? கேக்க ஆள் இல்லன்னு கண்ணால பாத்துட்டாருல்ல."

"சோணை அண்ணனா?" அந்த மனுஷன் பல்லி கத்தினால்கூடப் பயப்படுவார்.

"அந்தப் பூச்சிதான். சீர் எவளும் கொண்டு போவா. சண்டை போட ஆள் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் பொண்ணு மேல கை வைக்க யோசிப்பாய்ங்க. சண்டை போடாத பொறந்த வீடு ஒரு பொறந்த வீடா?"

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. எங்கிருந்தெல்லாமோ தேடி வந்தார்கள். வடக்கே இருந்து வேலைக்கு வந்தவனை நம்பி வந்தவள், அநாதை விடுதியில் வளர்ந்தவள், அண்ணன்மார் கைகழுவியவள். காது குத்தா, தாய்மாமன் சீர் இவள். சடங்கா, குடிசை கட்டப் பச்சை ஓலை இவள். பெரியாஸ்பத்திரியில் பிரசவமா, பிளாஸ்க்கும் பழைய சேலைத் துணியும் எடுத்துக்கொண்டு வார்டு வராந்தாவில் இவள். கோரிப்பாளையத்தில் ரஹ்மத் பீவிக்குப் பூச்சூட்டினார்கள், அங்கேயும் தாம்பாளத்தோடு போய் நின்றாள். பிரியாணியில் எங்கள் பெண்ணுக்கு எலும்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அங்கே ஒரு பஞ்சாயத்து. பீவியின் மாமனார், "யா அல்லா, இந்தம்மாவ மொத பந்தியில உக்கார வைங்கப்பா" என்று கும்பிட்டாராம். கைக்காசில்தான் செய்தாள். பெரிய சீர் இல்லை. தேங்காயும் பழமும் கொஞ்சம், சண்டை நிறைய.

இப்படிப்பட்டவள்தான் தார்ப்பாய்க்குக் கீழே காத்துக் கிடந்தாள்.

சேதி பரவி, மழைக்குள் ஒவ்வொருத்தியாக வரத் தொடங்கினார்கள். எல்லார் கையிலும் பையில் சேலை. அழகுபாண்டிக்கு உயிர் வந்தது. பேயாண்டி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"நீ என்ன முறைத்தா?"

"மக முறை." அழுதுகொண்டே சொன்னாள் ஒருத்தி.

"நீ?"

"எனக்கும் ஆத்தாதாங்க. அதுதான் என்னயக் கட்டிக் குடுத்துச்சு."

ரஹ்மத் பீவி மஞ்சளில் ஒரு சேலை கொண்டுவந்திருந்தாள். "நானும் மகதாண்ணே."

பேயாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். "மக போடுற கோடி வேற, பொறந்த எடத்துக் கோடி வேறத்தா. மகளா வந்து குமிஞ்சுட்டீங்க. பொறந்த வீட்டுக்காரின்னு சொல்ல ஒருத்தி இல்லையே."

அந்தப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அவர்கள் பேரில் தப்பில்லை. காலமெல்லாம் அவளை ஆத்தா என்று கூப்பிட்டுவிட்டு வேறு எப்படி வருவார்கள். சேலைகள் பெஞ்சுக்குப் பக்கத்தில் மடிப்புக் கலையாமல் குவிந்தன. பந்தலுக்குக் கீழே விசும்பல் மட்டும் கேட்டது. இவ்வளவு அமைதியான ஒரு விசேஷத்துக்கு அக்கா தன் வாழ்நாளில் போயிருக்கமாட்டாள்.

அழகுபாண்டி எழுந்து பட்டறைப் பக்கம் போனான். பாவம், ஒரு வாய் காப்பி கொடுப்போமே என்று டம்ளரோடு போனேன். நின்றுபோன தறிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"குடிப்பா."

"மீனாக்கா, மாமா சொல்றது நெசந்தானே. எம்புட்டுப் பேருக்காக வாசல்ல நின்டு கத்துச்சு. அதுக்குன்னு வாசல்ல நின்டு ஒரு வார்த்த கேக்க ஆள் இல்லாமப் போகுதே."

அவன் சேலைக்காக அழவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காப்பியை வாங்கவே இல்லை. டம்ளரைத் தறிமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. பேயாண்டி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "போதும் மாப்ள. கெடக்குறவளுக்கு வலிக்கும். நான் போத்துறேன்."

அப்போதுதான் அன்னக்கொடி வந்தாள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறாள் இப்போது. பேரன் எடுத்துவிட்டாள். ஆட்டோவிலிருந்து இறங்கி, தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். தாம்பாளத்தில் அரக்குக் கண்டாங்கி, பூ, தேங்காய். எல்லாரும் ஓடிவந்து விழுந்து அழுததுபோல அழுவாள் என்று வழிவிட்டார்கள். பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். நனைந்துகொண்டு நின்றாள்.

"உள்ள வாக்கா" என்றான் அழகுபாண்டி.

"என்னத்துக்கு வரணும்? பொறந்த வீட்டுக்காரி வந்து நிக்கிறேன். எதுக்க வந்து கூப்பிட ஒங்க வீட்டுல ஆள் இல்லையா?"

அழுகை நின்றது. பேயாண்டி வாயைத் திறந்தார். "நீ மக முறை..."

"எவன் சொன்னது? நான் போக்கத்து நின்டப்ப, ஆத்தா வீடுன்னு சொல்லி அது வந்து நின்டுச்சு. அப்ப அதுவும் நானும் ஒரே வீடா இல்லையா? அந்த வீட்டுல இருந்து கேக்குறேன். எங்க வீட்டுப் பொண்ண எப்படி வச்சிருந்தீங்க?"

அழகுபாண்டி பக்கம் திரும்பினாள்.

"எண்பது வயசுல தார் சுத்த வச்சிருக்கான். ஏன்டா, மேஸ்திரி சம்பளம் எங்கடா போகுது?"

"அதுவா கேக்காமச் சுத்துச்சுக்கா..."

"நீ சொல்லி நிப்பாட்டணும். கை காச்சுக் கெடக்குது பாரு."

குவிந்து உட்கார்ந்திருந்தவர்களில் ரஹ்மத் பீவி முதலில் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் கேக்கணும்னு இருந்தேன். முட்டி வலின்னு சொல்லி எம்புட்டு நாளாச்சு? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனியா? கேட்டா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லியிருப்ப."

"கூப்பிட்டேன், வரல..."

"வராட்டி தூக்கிட்டுப் போகணும். எங்க பொண்ணு கனமா இருந்துச்சா?"

அதற்கப்புறம் பிடிக்க முடியவில்லை. ஒருத்தி பெஞ்சு ஆடுகிறது என்றாள். ஒருத்தி மாலை வாடிக் கிடக்கிறது, தள்ளுபடியில் வாங்கினாயா என்றாள். இன்னொருத்தி தமிழ்ச்செல்வியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பெண்ணுக்குத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் பிடிக்குமே, கடைசியாக எப்போது சுட்டுக் கொடுத்தாய் என்று. "முந்தாநாளு சுட்டேன்" என்று தமிழ்ச்செல்வி விக்க, "நேத்து ஏன் சுடல?" என்றாள். பக்கத்துத் தெருக்காரர்கள் சாவு வீட்டில் வெட்டுக்குத்து என்று ஓடிவந்தார்கள்.

நடுவில் அழகுபாண்டி கைகட்டி நின்றான். ஒவ்வொருத்தியாக வந்து வைய வைய, "தப்புத்தான்", "தப்புத்தான்" என்று தலையை ஆட்டினான். கண்ணிலிருந்து ஊற்றுகிறது. முகமோ, மாலை போட்டு மேடையில் ஏற்றப்பட்டவன் முகம்.

பேயாண்டி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். அவருக்கு இது தெரியாத சத்தமில்லை. மகள் கல்யாணத்தில் பந்தி வரிசை பற்றி இதே அக்காவிடம் மோதித் தோற்றவர் அவர். அவள் சம்பந்தி, ஆனால் தமிழ்ச்செல்விக்காகத் தன் வீட்டு ஆட்களிடமே சண்டை போட்டவள். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டினார். மழைக்குள் இறங்கிப் போய் அன்னக்கொடிக்கு எதிரில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்க. கூப்பிடாதது எங்க தப்புத்தான். இது பொறந்த எடத்துச் சத்தம்தான், சந்தேகமே இல்ல." திரும்பிப் பார்த்து, "ஏப்பா, சங்கை ஊது" என்றார்.

அரக்குக் கண்டாங்கியை விரித்தார்கள். அன்னக்கொடி ஒரு முனை, பீவி ஒரு முனை, நடுவில் எத்தனை கை என்று தெரியவில்லை. கழுத்துவரை போர்த்தினார்கள். அக்கா முகத்தைப் பார்த்தேன். உயிரோடு இருந்திருந்தால் பார்டர் சரியில்லை என்றிருப்பாள்.

நான் எல்லாவற்றையும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என்னைப் பெற்றவர்கள் இருந்தார்கள், என் வளைகாப்புக்கு அவள் தாம்பாளத்தோடு வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நான் அவளுக்கு எதிர்வீடு, அவ்வளவுதான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அப்போது பார்க்கிறேன், தார்ப்பாயில் ஒரு ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் சொட்டி, புதுச்சேலைமேல், சரியாக அவள் மார்பில் விழுகிறது. யார் கண்ணுக்கும் படவில்லை.

எப்படிப் போனேன் என்று தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அழகுபாண்டி முன்னால் நின்றேன்.

"ஏன்டா, கண்ணு தெரியுதா ஒனக்கு? எங்க அக்கா நனையிறா. நல்ல தார்ப்பாயா ஒண்ணு கட்ட ஒனக்கு வக்கில்லையா?"

நாற்பத்தெட்டு வருஷமாக மீனாக்கா, மீனாக்கா என்று கூப்பிட்டவன், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இரண்டு கையையும் குவித்தான்.

"தப்புத்தான் சின்னம்மா" என்று சொல்லிவிட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஓடினான்.